வெள்ளைக் கன்றுக்குக் களிமண்

முருங்கைக்கீரை உருவி முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய கதைதான் இது.

ஒரு காட்டில் மருதி என்ற எருமை இருந்தது. மைபோலக் கறுப்பு. அதன் கன்று பூஞ்சி மட்டும் பால்போல வெளுப்பாய்ப் பிறந்திருந்தது. கன்றுக்கு அதுதான் முதல் கோடை.

குளம் வற்றியது. பொட்டலைத் தாண்டி ஏரிக்குப் போகக் கூட்டம் கிளம்பியது. வழியில் ஒரு மரம்கூடக் கிடையாது.

வெயில் சுடாமலிருக்க மருதி கன்றை மணலில் புரளச் சொன்னது. மருதியின் முதுகில் எப்போதும் உட்கார்ந்து வரும் கொக்கு சிரித்தது.

"மணலு நாலு அடியில உதிர்ந்துடும்க்கா. களிமண்ணைப் பூசு, ஒட்டும்."

"நீ வெள்ளையாத்தானே இருக்கே. நீ பூசினியா?"

"எனக்கு இறகு இருக்கு. உன் பிள்ளைக்கு இருக்கா?"

மருதி களிமண்ணைப் பூசிக் கூட்டிப்போனது. பாதி வழியில் ஒரு குட்டை. எருமைக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்குமா? பூஞ்சி குதித்து, முங்கி, பளிச்சென்று ஏறி வந்தது.

"மண்ணெல்லாம் கரைஞ்சுபோச்சுக்கா. திரும்பப் பூசு" என்றது கொக்கு.

"உடம்பு குளுகுளுன்னு இருக்கு. அதுபோதும். பிந்தினா நல்ல புல்லு மிஞ்சாது" என்று மருதி நடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பூஞ்சி படுத்துவிட்டது. "அம்மா, முதுகு எரியுது. நடக்க முடியல."

கொக்கு குனிந்து பார்த்தது. "காதும் முதுகும் சிவந்துபோச்சு. உனக்குத் தோலே குடை. அவளுக்கு அப்படியாக்கா?"

மருதி நிமிர்ந்து பார்த்தது. கூட்டம் புழுதிக்குள் மறைந்துகொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று குட்டைக்கு ஓடிக் களிமண்ணில் புரண்டு வந்தது. தன் உடம்பைக் கன்றின் மேல் அழுத்தித் தேய்த்தது.

"காதுக்குப் பின்னாடி கூசுதும்மா."

"கூசட்டும். காட்டு."

வெயில் தணியும்வரை தன் நிழலில் கன்றைப் படுக்க வைத்தது. மண் உதிர உதிர மறுபடி பூசியது. பிறகு மெல்ல நடந்தன.

ஏரிக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. நல்ல புல்லை மற்றவை மேய்ந்துவிட்டன. மருதி காய்ந்த கோரையைக் கடித்தது. பக்கத்தில் பூஞ்சி எரிச்சல் அடங்கி, சேற்றோடு தூங்கியது. கோரை இனித்தது.

நம் தோலுக்குப் போதுமானது பிள்ளை தோலுக்குப் போதாது. அதற்கு ஏற்றதைப் பார்த்துப் பூச வேண்டும், நனைந்தால் மறுபடியும் பூச வேண்டும், அதிலும் பிடரிப் பக்கம் கொஞ்சம் கூடவே... இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளைய வெயில்ல இறக்கிடாதீங்க, முதல்ல வெயில் களிம்பு பூசிடுறேன்.