டிக்கியில் என்ன இருக்கிறது

"எல்லாம் வெச்சுட்டனுங்க மேடம். அப்பவும் வரமாட்டேங்கறா," என்றார் தெய்வசிகாமணி.

மெஹருன்னிசா தன் பழைய காரின் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக்கிடம் போவார்கள். வண்டி சரியான பிறகும் மனசு ஆறாவிட்டால் மெஹருன்னிசாவிடம் வருவார்கள். கல்லூரியில் கணக்கு நடத்தியவர். தெய்வசிகாமணிக்கு அவரைவிட வயது அதிகம். ஆனாலும் அவர் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"யார் வரமாட்டேங்கறாங்க?"

"வசந்தாமணிங்க. என் சம்சாரம். போன மாசம் ரெண்டு பேரும் வால்பாறை போறப்ப மலைப்பாதையில வண்டி நின்னு போச்சு. இக்னிஷன் கண்டென்சர் போயிருச்சு. நானே மாத்தி ஓட்டிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தை. இனி உங்க வண்டியில ஏறமாட்டேன்னுட்டா."

"சரி."

"ஞாயித்துக்கிழமை அங்கே அவ தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் பஸ்ஸுல போறேன், நீங்க உங்க வண்டியில வாங்கங்கறா. ஆளுக்கொரு பக்கமா போய் இறங்கினா நாலு பேரு என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பாங்க?"

தெய்வசிகாமணி யோசித்தார். கேட்பவர்களை அவரால் சமாளிக்க முடியும். அது இல்லை விஷயம்.

"பக்கத்து சீட்டு காலியா அந்த மலை ஏற என்னால முடியாதுங்க."

மெஹருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"டிக்கியைத் திறங்க."

திறந்தார்.

ஃபேன் பெல்ட். ரேடியேட்டர் ஹோஸ், அதற்குக் கிளிப். பிளக்குகள் துணியில் சுற்றியிருந்தன. கட்டுக்கம்பி, டேப், தண்ணீர் கேன், ஸ்பேனர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். எதுவும் எதன்மேலும் உரசவில்லை.

"கண்டென்சர் பழசா இருக்கே?"

"புதுசை வண்டியில மாட்டிட்டனுங்க. ஓடிட்டிருந்ததைக் கழட்டி டிக்கியில வெச்சேன். பெட்டி பிரிக்காத சாமான் ரோட்டுல ஏமாத்திரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"நல்லது."

"வண்டி நிக்கவே நிக்காதுன்னு சொன்னா பொய்யாயிரும். நின்னா உடனே கிளப்பிரலாம். அதைத்தான் அவகிட்டச் சொன்னேன். டிக்கியையும் திறந்து காட்டினேன்."

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"அழகா அடுக்கியிருக்கீங்கன்னா. அடுப்புல பால் இருக்குன்னு உள்ளே போயிட்டா."

"பால் இருந்ததா?"

"இல்லைங்க."

மெஹருன்னிசா ஒரு மூலையில் இருந்த சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்தார். ஸ்பேனர் ஒன்றும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"இது என்ன?"

"காந்தத் தட்டுங்க. கழட்டற ஸ்க்ரூவை இதுல போட்டா உருண்டு போகாது. கண்டென்சர் ஸ்க்ரூ மிளகு சைஸுதான் இருக்கும். புல்லுல விழுந்தா அவ்வளவுதான், அன்னிக்கு ராத்திரி யானையோடதான் படுக்கணும்."

"போன மாசம் இது இருந்துதா?"

"இல்லை. போன வாரம்தான் வாங்கினேன்."

"அப்ப ஸ்க்ரூ தொலைஞ்சுதா?"

"ஒண்ணும் தொலையலைங்க."

"எங்கே வெச்சிருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

"பானட்டுக்குள்ள எங்கேயாவது?"

"உள்ளே விழுந்தா எடுக்க முடியாதுங்க. வைக்க மாட்டேன்."

"தரையில?"

"நல்ல மழை. ரோட்டுல தண்ணி ஓடிட்டிருந்துது."

"சட்டைப் பையில?"

"பையில போனைப் போட்டு டார்ச் அடிச்சிட்டிருந்தேன்."

"பின்ன?"

தெய்வசிகாமணி வலது கையை முன்னால் கொண்டுவந்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பதுபோல் விரல்களை மடக்கினார். இடது கையைப் பின்னால் நீட்டினார், திரும்பாமல்.

"இப்படித்தான் நீட்டினேன். ஸ்க்ரூ வந்துது."

"எங்கிருந்து?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

மெஹருன்னிசா தட்டை டிக்கியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வசந்தாமணி கையிலிருந்துங்க," என்றார் தெய்வசிகாமணி.

"குடை வெச்சிருந்தாங்களா?"

தெய்வசிகாமணி டிக்கியைப் பார்த்தார். ஹோஸ், கிளிப், கட்டுக்கம்பி.

"நான் பாக்கலைங்க."