நாடி பார்த்த கையுறை

அன்று என் கட்டிலருகே நின்றவர்கள் மூவர்: தலைமை அறுவை மருத்துவர் வேதமூர்த்தி, செவிலி ஜெசிந்தா, பனியன் கம்பெனித் தையல்காரி குப்பாத்தாள். நோயாளியாக நான் படுத்திருந்தேன்.

ரப்பர் கையுறைக்குள் வியர்த்து வியர்த்து ஜெசிந்தாவின் விரல்கள் தோலுரிந்திருந்தன. என்னைப் பேணிப் பிழைக்க வைத்த விரல்கள் அவை. வேறு வழி பிறக்காவிட்டால் அவள் அறுவை அரங்கை விட்டே போக வேண்டியதுதான். அவளுக்காகக் குப்பாத்தாள், ஈரம் உறிஞ்சும் மெல்லிய துணியை உள்ளே வைத்துக் கையுறை செய்து வந்திருந்தாள். அதற்கு மருத்துவர் ஒப்புதல் தர வேண்டும்.

"துணி வைத்தால் நாடி தெரியுமா? பனியன் தைக்கிறவள் எனக்குப் பாடம் சொல்கிறாயா?" என்றார் அவர்.

"நான் எங்கீங்க சொல்றது? உங்க விரலே சொல்லட்டும். இந்த ரெண்டுல ஒண்ணுலதான் துணி இருக்குது. மாட்டிக்கிட்டு வார்டைச் சுத்தி வந்து, எதுன்னு சொல்லுங்க டாக்டரய்யா."

இரண்டையும் மாட்டிக்கொண்டு சுற்றி வந்தவர் என் நாடியை இரு கைகளாலும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடக்கையில் தெளிவாகத் தெரிகிறது. வலக்கை வழுக்குகிறது. உன் துணி வலக்கையில்தான்!"

"அதைக் கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே வெறும் ரப்பர், வியர்வை சொட்டியது.

ஜெசிந்தா குப்பாத்தாளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் படுத்தபடியே கைகூப்பினேன்.

மருத்துவர், துணி வைத்த இடக்கை உறையைக் கழற்றாமலே வெளியேறினார்.