வடிகட்டி மந்திரியும் அம்மி கொத்துற சடச்சியும்

ஏய், உக்காருங்க எல்லாரும். உக்காரு. வாய மூடு. மொதப் பந்தியில உக்காந்த புள்ளைங்கள எழுப்பி விட்டுட்டாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா ரெண்டாம் பந்தி ஓடி வந்துருமா? மாப்ள வீட்டுக்காரங்க சாப்பிட்டு, வெத்தல போட்டு, பாயசத்துல முந்திரி இல்லன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் நேரம் கெடக்கு. அதுக்குள்ள ஒரு கதை. மருதப்பா, கால மடக்கு. ஏ சுடரு, அவ சடைய விடு. நாச்சியா, நீ என்னிக்குப் பேசியிருக்க, நீ பாட்டுக்கு அந்தத் தூணோரம் இரு.

ஒரு காலத்துல மேட்டுக்கோட்டைன்னு ஒரு நாடு இருந்துச்சு. சுத்தி மதிலு, ஒரே ஒரு வாசலு. ராஜா தங்கமானவரு. சாப்பிட்டா தூங்குவாரு, தூங்கி எந்திரிச்சா சாப்பிடுவாரு, நடுவுல நேரம் கெடச்சா நாட்ட ஆளுவாரு. அப்ப என்னாச்சு, கீழ்நாட்டுல ஆத்துத் தண்ணி ஏறி ஊரு ஊரா அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அந்தச் சனமெல்லாம் மூட்ட முடிச்சோட இந்த வாசல்ல வந்து நின்னுச்சு. ராஜா எட்டிப் பார்த்துட்டு, "இத்தன பேரா? இதுல யார உள்ள விடுறது?"ன்னாரு.

ராஜாவுக்கு ஒரு மந்திரி. பேரு கோளப்பன். ஊரு வெச்ச பேரு வடிகட்டி மந்திரி. அவன் பேச்சு மூக்குலதான் வரும், எல்லாரும் ஒரு தடவ மூக்கப் பிடிச்சுக்கங்க, ம்ம், அப்படித்தான். "மஹாராஜா, நமக்கு என்ன வேல தெரிஞ்ச ஆளு வேணுமோ அத ஒரு பட்டியல் போடுவோம். பட்டியல்ல இருக்கிறவன் உள்ள, இல்லாதவன் வெளிய. உங்களுக்கு என்ன ஆளு வேணும்?"

ராஜா அப்பத்தான் சாப்பிட்டு முடிச்சிருக்காரு. கண்ணு சொருகுது. "பல்லாக்குக்குக் குஞ்சலம் கட்டுறவன் ஒருத்தன். யானைக்கு நெத்திப்பட்டம் தைக்கிறவன் ஒருத்தன். எனக்குக் கால் அமுக்குறவன் ஒருத்தன்"னு சொல்லிட்டுத் தூங்கிட்டாரு. மந்திரி அத அப்படியே ஓலையில எழுதி, முத்திர குத்தி, வாசல் காக்குற சங்கிலிங்கிறவன் கையில குடுத்துட்டான்.

வந்த சனத்துல சடச்சின்னு ஒருத்தி. அம்மி கொத்துறவ. வீடு போச்சு, ஆடு போச்சு, ஒரு உளியும் ஒரு சுத்தியலும்தான் மிச்சம். அவளுக்கு ஒரே மக, செம்பகம். அந்தச் செம்பகத்த இதே மேட்டுக்கோட்டைக்குள்ளதான் கட்டிக் குடுத்திருந்தா, இப்ப எட்டு மாசப் பிள்ளத்தாச்சி. ஊரு போனது கூட சடச்சிக்குப் பெருசில்ல. மகளுக்கு வலி எடுக்கையில பக்கத்துல இருக்கணும், பொறக்கிற பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு மக வீட்டு மூலையில ஒண்டிக்கணும், அவ்வளவுதான் அவ கேட்டது.

வரிசையில அவ முறை வந்துச்சு. மந்திரி கேக்குறான், "என்ன வேல தெரியும்?"

"அம்மி கொத்துவேன் சாமி."

"குஞ்சலம் கட்டுவியா?"

"இல்ல சாமி."

"நெத்திப்பட்டம் தைப்பியா?"

"இல்ல சாமி."

"கால் அமுக்குவியா?"

"எங்காத்தாளுக்கு அமுக்கியிருக்கேன் சாமி."

"ராஜா கால அமுக்கியிருக்கியா?"

"ராஜா எங்க ஊருக்கு வந்ததில்லையே."

"பழக்கம் பத்தாது. தள்ளி நில்லு."

"சாமி, எம்மக உள்ள இருக்கா. எட்டு மாசம்."

"மக இருக்கிறது ஒரு வேலயா? பட்டியல்ல காட்டு பாப்போம்."

"பட்டியல் எப்ப மாறும் சாமி?"

"ராஜா எந்திரிச்சா."

சரின்னு சடச்சி வரிசைக் கடைசிக்குப் போனா. வெயிலு மண்டையப் பிளக்குது. எத்தன நாளு நிக்கிறது? ஆளாளுக்கு ஒரு கல்ல வரிசையில வெச்சுட்டு மரத்தடிக்குப் போனாங்க. நீங்க தண்ணிக் குழாயில கொடத்த வெச்சுட்டு ஓடிருவீங்கல்ல, அது மாதிரி. ஆனா கல்லு பூராவும் ஒரே சாடை. "இது என் கல்லு." "போய்யா, இது என் கல்லு." "ரெண்டு பேரும் போங்க, இது எங்கப்பன் கல்லு!" அடிதடி. சடச்சி பார்த்தா. உளிய எடுத்தா. மீன்காரன் கல்லுல மீனு, டொக்கு டொக்கு. நாவிதன் கல்லுல சீப்பு, டொக்கு டொக்கு. மருத்துவச்சி கல்லுல தொட்டிலு, டொக்கு டொக்கு. அன்னியோட சண்டை ஓஞ்சிருச்சு.

உள்ள என்ன கதைன்னா, வருசா வருசம் வெளியூர்லருந்து வந்துதான் யாராவது அம்மி கொத்திட்டுப் போவாங்க. வாசலச் சாத்தினதும் வர்றதுக்கு ஆளு இல்ல. அம்மியெல்லாம் வழவழன்னு கண்ணாடி ஆயிருச்சு. தேங்காய வெச்சா குழவிக்கு இந்தப் பக்கம் ஓடும், தள்ளினா அந்தப் பக்கம் ஓடும், அமுக்கினா எதிர் வீட்டுக்கு ஓடும்.

செம்பகத்துக்கு ஆத்தா வந்த சேதி தெரிஞ்சு வாசலுக்கு வந்தா. "சங்கிலியண்ணே, ஆத்தாள உள்ள விடுண்ணே."

"பட்டியல்ல இல்ல தாயி."

"அப்ப நான் வெளிய போகலாமா?"

சங்கிலி ஓலையத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உள்ள வர்றதுக்குத்தான் எழுதியிருக்கு. வெளிய போறதுக்கு ஒண்ணும் எழுதலையே. போ."

செம்பகம் போனா. பின்னாடியே அவ புருசன் போனான், தலையில அம்மி. 'மாமியாரப் பாக்கத்தானே போற, அப்படியே இதயும் கொத்திட்டு வா'ன்னு அவனப் பெத்தவ ஏத்தி விட்டது. சடச்சி மக மூஞ்சிய ரெண்டு கையாலயும் வழிச்சுக்கிட்டா. "என்னடி இப்படி எளச்சிருக்க?" "ஒரு மாசமா முழுசா அரைபடாத தொவையலு ஆத்தா."

மூணாம் நாளே வலி எடுத்துச்சு. வேப்ப மரத்தடியில, வரிசையில நின்ன மருத்துவச்சி கையில, பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. பச்சப் பிள்ளைய அள்ளிக்கிட்டு மூணு பேரும் வாசலுக்கு வந்தா, மந்திரி மறிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"யாரு?"

"நான் இந்த ஊருதாங்க. அந்தா தெரியுதே, அதுதாங்க என் வீடு"ங்கிறான் மருமகன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வடிகட்டியில கீழ எறங்கினது திரும்ப மேல ஏறுமா? வெளியருந்து வந்தா புது ஆளுதான். குஞ்சலம் கட்டுவியா?"

"இல்லீங்க."

"நெத்திப்பட்டம்?"

அவன் மூணாவது கேள்விக்கு நிக்கல. போய் வரிசையில ஒரு கல்லு வெச்சான், செம்பகத்துக்கு ஒண்ணு வெச்சான், பொறந்து அரை நாளு ஆன பிள்ளைக்கும் ஒரு கூழாங்கல்லு வெச்சான். சடச்சி அந்தக் கூழாங்கல்லுல ஒரு பொட்டு மட்டும் கொத்தினா.

அப்புறம் என்ன, சடச்சி கொத்தின அம்மியில செம்பகம் சட்னி அரைச்சா. வாசம் மதில் ஏறிக் குதிச்சுது. உள்ள இருந்து மொத நாளு மூணு பேரு தலையில அம்மியோட வந்தாங்க. மறுநாளு முப்பது பேரு. அதுக்கு மறுநாளு முன்னூறு. திரும்பி உள்ள விடமாட்டாங்கன்னு தெரியாதான்னு கேக்குறியா மருதப்பா? தெரியும். சட்டம் மத்தவங்களுக்குத்தான், நாமதான் இந்த ஊராச்சேன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சான். ஒவ்வொருத்தனும் ஒரு கல்லு வெச்சான்.

கடைசியில உள்ள ராஜா, மந்திரி, சங்கிலி மூணே பேரு. ராஜா எந்திரிச்சாரு. "சமையக்காரா! சட்னி எங்க?"

மந்திரி சொல்றான், "சமையக்காரன் அம்மி கொத்தப் போயிருக்கான் மஹாராஜா."

"அப்ப நீ போய்க் கூட்டிட்டு வா. அரமன அம்மியயும் கொத்திட்டு வா."

"சங்கிலிய அனுப்பலாமே?"

சங்கிலி, "வாசல விட்டு நகரக்கூடாதுன்னு நீங்கதானய்யா எழுதிக் குடுத்தீங்க"ன்னுட்டான்.

மந்திரி அரமன அம்மியத் தலையில வெச்சுக்கிட்டு, கழுத்து உள்ள போக, நெஞ்சு வெளிய வர, வேப்ப மரத்தடிக்கு வந்தான். "ஏய், இதக் கொத்து!"

சடச்சி நிமிந்து கூடப் பாக்கல. "வரிசையில வாங்க சாமி. கல்லு எங்க?"

அவன் கல்லு வெச்சான். கடைசிக் கல்லு. "என்ன குறி போடட்டும் சாமி?"ன்னு கேட்டுக்கிட்டே அவளே ஒரு வடிகட்டி கொத்தி வெச்சா. மூணு நாளு கழிச்சு அவன் முறை வந்து, அம்மி கொத்தி, வாசலுக்குத் தூக்கிட்டுப் போனான்.

"யாரு?"ங்கிறான் சங்கிலி.

"நான்தாண்டா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. குஞ்சலம் கட்டுவீங்களா?"

"டேய்!"

"நெத்திப்பட்டம் தைப்பீங்களா?"

"டேய் சங்கிலி!"

"கால் அமுக்குவீங்களா?"

"அமுக்குவேன், அமுக்குவேன்!"

"ராஜா கால அமுக்கியிருக்கீங்களா? இல்லையா? பழக்கம் பத்தாது. தள்ளி நில்லுங்க."

ராஜா பசி தாங்காம சட்னி வாசத்தப் பிடிச்சுக்கிட்டே நடந்து, தானும் வெளிய வந்துட்டாரு. ஒம்பது இட்லி சாப்பிட்டாரு. திரும்பிப் போனா, "என்ன வேல தெரியும்?"ங்கிறான் சங்கிலி. "ராஜா வேல"ங்கிறாரு. சங்கிலி விரல வெச்சு வெச்சுத் தேடினான். "பட்டியல்ல இல்லீங்களே." ராஜா வந்து வரிசையில ஒரு கல்லு வெச்சாரு. "என்ன குறி சாமி?" "ஒரு இட்லி போடும்மா."

அப்பத்தான் சடச்சி பேத்தியத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனா.

"சங்கிலி, உள்ள யாரு இருக்கா?"

"நான் மட்டும்தாங்க்கா."

"அப்ப நாடு யாரு?"

சங்கிலி உள்ள திரும்பிப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். "நான்தான் போலிருக்கு."

"அப்ப நாட்டுக்கு என்ன ஆளு வேணுமோ நீதானே எழுதணும். சாப்பிட்டியா?"

சங்கிலிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "மூணு நாளாச்சுக்கா."

அவன் ஓலையத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பிச்சான். சோறு பொங்க ஆளு வேணும். சட்னி அரைக்க ஆளு வேணும். அரைக்கிற அம்மியக் கொத்த ஆளு வேணும். "மொத ஆளா நீ வாக்கா." சடச்சி உள்ள காலெடுத்து வெச்சா. பிள்ளையப் பார்த்ததும், 'சும்மா தூக்கி வெச்சுக்க ஒரு குழந்த வேணும்'னு எழுதினான். குழந்தைக்கு ஆத்தா வேணும், அப்பன் வேணும். முடி மொளச்சிருக்கு, நாவிதன் வேணும். மீனு தின்னு நாளாச்சு. சண்ட போட ஒரு அண்டவீட்டுக்காரன் வேணும். கும்பிட ஒரு ராஜா வேணும். ஒருத்தன் தனியா இருந்து யோசிச்சா எத்தன ஆளு வேண்டியிருக்கு பாருங்க! வெளியூரு, உள்ளூரு, அத்தன பேரும் உள்ள வந்துட்டாங்க.

கடைசியா மந்திரி. "உங்களுக்கு என்ன வேல தெரியும்?"

"வடிகட்டுவேன்."

"அதுக்கு வெளிய ஆளு இல்லீங்களே. ஆனா முன்னூத்திச் சொச்சம் அம்மி வெளியவே கெடக்கு. தூக்க ஆளு வேணும்."

மந்திரி ஒரு அம்மியத் தூக்கிட்டு உள்ள வந்தான். அடுத்ததுக்கு வெளிய போனான். வெளியருந்து வந்தா புது ஆளுதானே, அது அவனே போட்ட சட்டம். "யாரு?" "அம்மி தூக்குறவன்." "போங்க." மறுபடியும் "யாரு?" "அம்மி தூக்குறவன்." "போங்க." முன்னூத்திச் சொச்சம் தடவ.

அவங்க அங்க அரைச்சு முடிச்சுச் சாப்பிட்டாச்சு, நாம இங்க எலைக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். இதுலருந்து என்ன தெரியுது? வாசல்ல வந்து நிக்கிறவங்கள நீ யாரு, எவருன்னு கேக்குறதுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு கேக்கணும். தெரிஞ்சுதா?

தூணோரத்துலருந்து நாச்சியா சொன்னா, "மொதப் பந்தியில எங்கள எலையிலருந்து எழுப்பி விட்டப்ப நீங்க கேக்கலையே அத்தே."