பெரியவரின் குண்டு பல்பு

நாச்சிமுத்து மடத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் அவர் கேட்டது ஒரே கேள்வி. மடத்தம்மா தெய்வாத்தாள் சொன்னதும் ஒரே பதில்.

"நான் சாக்குல போட்டதுக்கெல்லாம் என்னங்க தாயி வழி?"

"தண்ணி சேந்துங்ணா."

கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொன்னவருக்கு முப்பத்தாறு. குருவானாலும் மூத்தவரை அண்ணா என்றுதான் அவர் கூப்பிடுவார். நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். இப்படி ஒரு குருவா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் குடத்தை நிரப்புவார்.

கேள்வி சும்மா வந்ததல்ல. அவர் பத்தொன்பது வருஷம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். முட்டைக் கோழிக்கான குஞ்சுகள். பொரித்த அன்றே சிறகை விரித்துப் பார்க்க வேண்டும். ஓரத்து இறகு ஏறி இறங்கி இருந்தால் பெட்டை, அது தட்டுக்குப் போகும். ஒரே மட்டமாக இருந்தால் சேவல். சேவல் முட்டை போடாதே, அதனால் சாக்குக்குப் போகும். சாக்கு நிறைந்ததும் வாயைக் கட்டி வெளியே வைத்துவிடுவார்கள்.

சூப்பர்வைசர் "போடு" என்பார், நாச்சிமுத்து போடுவார். ஒரு நாள்கூட மறுத்துப் பேசியதில்லை. கண் மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. சோறு பிசையும்போதும் அது சிறகைத் தேடியது.

ஐப்பசி மழை நான்காவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. அன்று காலை கலர்க்குஞ்சு விற்கிறவன் மொபெட்டோடு மடத்துக்குள் ஒதுங்கினான். பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் ரோஸ், பச்சை, ஊதாச் சாயம் அடித்த குஞ்சுகளைக் கொடுத்துவிட்டுப் போவானே, அந்த ஆள்தான். கூடையில் இருபத்தேழு மிச்சம். அத்தனையும் தொப்பலாக நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மழை விட்டதும் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகிறேன் என்றான்.

நாச்சிமுத்து ஒன்றை எடுத்துச் சிறகை விரித்தார். ஒரே மட்டம். இன்னொன்றை எடுத்தார், அதுவும் ஒரே மட்டம். கலர்க்குஞ்சு எல்லாமே சேவல்தான் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கை கேட்கவில்லை. இருபத்தேழையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

"கொட்ட வேண்டாம். இங்க உட்டுட்டுப் போ," என்றார்.

"எடுத்துக்குங்க சாமி. ஆனா மூணு நாளு தாண்டுன கலர்க்குஞ்சு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாயத்தாலா சாகிறது? தாய்ச்சூடு இல்லாமல் சாகிறது. வாங்கிப்போகிற வீட்டில் செருப்பு அட்டைப்பெட்டிக்குள் போட்டு, விதி என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த இருபத்தேழும் பிழைக்கும், பார்க்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மடத்தின் துருப்பிடித்த கடப்பாரையை அவனிடம் கொடுத்து, அவன் மூட்டையைக் கிளறினார். டேபிள் ஃபேனின் கம்பிக்கூண்டு ஒன்று, நாய்ச்சங்கிலி ஒன்று, ஓட்டையில்லாத இட்லித் தட்டு இரண்டு, கிழிந்த கம்பிவலை ஒரு துண்டு. நல்ல சாமானாக விட்டுவிட்டுக் குப்பையைப் பொறுக்குகிறாரே என்று சிரித்துக்கொண்டே அவன் போனான்.

கொல்லையில் வெடித்துப்போன பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடந்தது. அதன் மேல்பாதியை ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அட்டைப்பெட்டி வேண்டாம் என்று தள்ளியதற்குக் காரணம் இருந்தது. பெட்டிக்கு மூலை உண்டு, குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் குவியும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். தொட்டி வட்டம். அடியில் உமியைக் கொட்டி, உமியைத் தின்றுவிடாதபடி மேலே சாக்கை விரித்தார். காகிதம் போட்டால் கால் வழுக்கி ஊனமாகிவிடும். இட்லித் தட்டின் குழிகளில் வெல்லத் தண்ணீர் ஊற்றினார். அந்த ஆழத்தில் எந்தக் குஞ்சும் மூழ்காது. ஒவ்வொன்றின் மூக்கையும் ஒருமுறை அதில் தொட்டுக் காட்டினார்.

எல்லாம் இருந்தது, சூடுதான் இல்லை. மடத்தில் எரிவதெல்லாம் புது மாதிரி பல்பு. வெளிச்சம் தரும், கையை வைத்தால் வெதுவெதுப்புக்கூட இருக்காது. கரிச்சட்டியில் நெருப்பு அள்ளிக்கொண்டு வந்தார். தெய்வாத்தாள் வழிமறித்து, அந்தப் புகையே அவற்றைக் கொன்றுவிடும் என்று சொல்லி வெளியே வைக்கச் சொன்னார்.

மடத்தில் ஒரே ஒரு குண்டு பல்பு உண்டு. மடத்தைக் கட்டிய பெரியவரின் சமாதிக்கு மேல் பதினொரு வருஷமாக இரவு பகல் எரிகிறது. கரண்டு போனால்தான் அணையும். நாச்சிமுத்து அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்த பாவத்துக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்.

தெய்வாத்தாள் சுவிட்சை அணைத்தார். முக்காலியைப் போட்டு ஏறினார். சேலைத் தலைப்பால் பல்பைப் பிடித்துக் கழற்றி, சூடு ஆறுமுன் அவர் கையில் கொடுத்தார். 

தொட்டி வைத்திருந்த பக்கத்து அறைக்கு அதை எடுத்துப்போய் வயரில் போட்டு, சுற்றி ஃபேன் கூண்டை மாட்டினார் நாச்சிமுத்து. வயரை நம்பித் தொங்கவிடவில்லை. உத்தரத்திலிருந்து நாய்ச்சங்கிலியில் கட்டினார். தொட்டியின் நட்டநடுவே ஒரு சாண் உயரத்தில் இறக்கி, மேலே கம்பிவலையையும் அதன்மேல் சுற்றிலும் சாக்கையும் மூடினார். ஒரு பொட்டுச் சூடு வெளியே போகக்கூடாது என்பது அவர் எண்ணம்.

மதியம் சாக்கை விலக்கிப் பார்த்தால் குஞ்சுகள் வாயைப் பிளந்து, சிறகை அகட்டி, தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரைத்தன. மூன்று செத்துக் கிடந்தன. 

"பொரிப்பகத்துல இவ்வளவு சூடுதாங்க வெப்பாங்க. மெஷின்லயே நம்பர் காட்டும்," என்றார் நாச்சிமுத்து. 

"இங்க மெஷின் இல்லீங்ணா. குஞ்சைப் பாருங்க."

அவர் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் சிறகைத்தான் பார்த்திருக்கிறார், குஞ்சைப் பார்த்ததில்லை. அது தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. அவை விளக்கைவிட்டு விலகி ஓட வழி தேடின, அவர்தான் வழி வைக்கவில்லை. சங்கிலியை ஒரு முழ உயரத்துக்கு ஏற்றித் தொட்டியின் ஓர் ஓரத்துக்கு நகர்த்தினார். சாக்கைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பூனைக்குப் பயந்து கம்பிவலையை மட்டும் விட்டுவைத்தார். கொஞ்ச நேரத்தில் சில குஞ்சுகள் விளக்கடிக்கு வந்தன, சில மறுகோடியில் குருணை கொத்தின. கத்தல் நின்று, மெல்லிய கீச்சொலி மட்டும் கேட்டது. செத்த மூன்றையும் பவளமல்லிச் செடிக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டார்.

மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து ஏமாந்து போனார்கள். ஐந்தாம் நாளும் இருபத்து நான்கும் இருந்தன. ஏழாம் நாள் ரோஸ் குஞ்சு ஒன்றின் சிறகோரத்தில் சாயமில்லாத வெள்ளை இறகு எட்டிப்பார்த்தது. நாச்சிமுத்து அதைப் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

எட்டாம் நாள் அமாவாசை. பூசைக்கு வந்த தர்மகர்த்தா செங்கோடன் சமாதிக்கு முன்னால் இருட்டில் தடுமாறினார். பக்கத்து அறையில் வெளிச்சம் தெரிய, அங்கே போய்த் தொட்டியைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சைவ மடத்தில் கோழியா என்றார், பெரியவர் தலைமேல் எரிந்த விளக்கு கோழி எச்சத்துக்கு மேல் எரிவதா என்றார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு நாச்சிமுத்துவின் பக்கம் கையை நீட்டினார்.

"அத்தனையும் சாக்குல அள்ளிக் கொண்டுபோய் வெளிய போடு."

நாச்சிமுத்துவின் உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது. மூலையில் மடித்து வைத்திருந்த சாக்கைக் கைகூட எடுத்துவிட்டது. எடுத்த கையை அவர் பார்த்தார். சாக்கைத் தரையில் விட்டார். போய்த் தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"போட மாட்டனுங்க."

"என்ன சொன்னே?"

"போட மாட்டனுங்க. எனக்கு இங்க இடமில்லைன்னா சொல்லுங்க, இதுகளுக்கு இறகு முளைச்சதும் போயிர்றேன். அதுவரைக்கும் என்னைத் தாண்டித்தான் யாரும் தொட்டியத் தொடோணும்."

  அவர் ஓர் அடி நகரவில்லை. பின்னால் இருபத்து நான்கும் தம்பாட்டுக்குக் குருணை கொத்திக்கொண்டிருந்தன.

இவனிடம் என்ன பேச்சு என்று செங்கோடன் தெய்வாத்தாள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பெரியவர் பதினொரு வருசத்துல இல்லாம இப்ப இருட்டுல கெடக்கறாரே, அவருக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

"அவருக்குக் குளிராதுங்க," என்றார் தெய்வாத்தாள்.

 கமிட்டியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறேன், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் திருநீறுகூட வாங்காமல் படியிறங்கினார். வெள்ளிக்கிழமை வரட்டும், தாராளமாக வரட்டும் என்று தெய்வாத்தாள் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

நாச்சிமுத்து இன்னும் தொட்டிக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். தரையில் கிடந்த சாக்கைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"தாயி, போட மாட்டேன்னு இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே நான் சொல்லியிருந்தா?"

தெய்வாத்தாள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்.

"தட்டுல தண்ணி இல்லீங்ணா," என்றார்.