வெயில்முத்துவின் கழுத்து

முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் வெயில்முத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். முதலில் தலைசுற்றல் என்று நினைத்தார். பிறகு, செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நாலு கடை தாண்டிப் போகத் தொடங்கினார். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது கால் மரக்கட்டை போல விறைத்து நின்றது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மின்வாரியத்தில் லைன்மேன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்கில் வைத்து, கழுத்தெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் நசுங்கியிருந்த இடத்தைக் காட்டினார்.

“கோளாறு கால்ல இல்லைங்க, கழுத்துல. ஆபரேஷன் பண்ணணும், தள்ளிப் போடாதீங்க. போன பலம் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. மேற்கொண்டு போகாம நிறுத்தப் பார்க்கலாம்.”

“எதனால வந்துச்சு டாக்டர்?”

“தேய்மானம், பழைய அடி, சில பேருக்குப் பிறவியிலேயே தண்டுவடம் போற குழாய் குறுகலா இருக்கும். பல காரணம் உண்டு.”

“எனக்கு எதனால வந்துச்சு?”

“இதுதான்னு சொல்ல முடியாதுங்க.”

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கவில்லை. காரணம் கேட்டு ஊர் ஊராக அலைந்தார். திருநெல்வேலியில் ஒரு டாக்டர், இத்தனை வருடம் கம்பங்களை அண்ணாந்து பார்த்தது காரணமாக இருக்கலாம் என்றார். கோவில்பட்டியில் ஒருவர், இருபது வருடத்துக்கு முன் கம்பத்திலிருந்து விழுந்த கதையைக் கேட்டுத் தலையாட்டினார். இடையில் ஓர் எலும்பு வைத்தியர், ஒரே திருகில் சரியாகிவிடும் என்று தலையைப் பிடிக்க வந்தார். மனைவி சுப்புத்தாய் குறுக்கே புகுந்து கையைத் தட்டிவிட்டாள்.

தென்காசியில் ஒரு டாக்டர் கேட்டார்: “தலைகீழா நிக்கிற பழக்கம் எதுவும் உண்டா?”

“உண்டு. பன்னிரண்டு வருஷமா. தினமும் கால் மணி நேரம்.”

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வெயில்முத்து சரியாகச் சாப்பிடவில்லை. தலைகீழாக நிற்கச் சொல்லிக்கொடுத்தவர் செண்பகவல்லி.

ராஜபாளையத்தில் அரிசி ஆலை ஒன்றுக்குப் பின்னால் இருந்தது அவருடைய யோகா கூடம். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, முப்பது பாய். செண்பகவல்லி வெயில்முத்துவைவிட ஏழு வயது இளையவர். தூக்கமில்லாமல், எல்லார் மேலும் எரிந்துவிழுந்துகொண்டு அங்கே போய்ச் சேர்ந்தவரை ஒரு வருடத்தில் வேறு ஆளாக மாற்றியவர். வெயில்முத்து அவரை ‘அம்மா’ என்றுதான் அழைப்பார். குரு பூர்ணிமா அன்று காலைத் தொட்டு வணங்குவார். செண்பகவல்லிக்கு அவர் ‘அண்ணே’. சிரசாசனம் பழக வரும் புதியவர்களிடம், “அண்ணன் நிக்கிறதப் பாருங்க” என்று அவரைத்தான் கைகாட்டுவார்.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, சுப்புத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயில்முத்து அந்தக் கூடத்துக்கு வந்தார். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாரையும் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு செண்பகவல்லி வாசலுக்கு வந்தார். வெயில்முத்து நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ஆறு மாசமா ஆளையே காணோம். டூட்டி மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்.”

வெயில்முத்து ஸ்கேன் படத்தை நீட்டினார். செண்பகவல்லி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதைப் படிக்க எனக்குத் தெரியாதுண்ணே. நீங்களே சொல்லுங்க.”

சொன்னார். முதலிலிருந்து, டாக்டர் டாக்டராக, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே இரண்டு முறை எழுந்து, இரண்டு முறை உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா.”

“கேளுங்க.”

“சிரசாசனத்தாலதான் இப்படி ஆச்சா?”

“என்னங்க இது, அம்மாகிட்டப் போயி…” என்றாள் சுப்புத்தாய்.

“இருக்கலாம்” என்றார் செண்பகவல்லி.

வெயில்முத்து இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சாதிப்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று நாளாக மனதுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்தார். அத்தனையும் வீணாகிவிட்டது.

“இல்லாமலும் இருக்கலாமா?”

“அப்படியும் இருக்கலாம்.”

“எனக்கு ஒரே பதிலா வேணும்மா.”

செண்பகவல்லி எழுந்து கூடத்துக்குள் போனார். வெயில்முத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார்.

“எல்லாரும் எந்திரிச்சு உக்காருங்க” என்றார் செண்பகவல்லி. பாய்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“அண்ணனுக்குக் கழுத்துல தண்டுவடம் நசுங்கியிருக்கு. கால் பலம் குறைஞ்சிருக்கு. அவருக்குச் சிரசாசனம் சொல்லிக்கொடுத்தது நான். முன்னாடி கழுத்துல அடிபட்டிருக்கான்னு நான் கேக்கலை. அவரு நல்லா நின்னாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதுல கேக்கத் தோணலை. இன்னையிலருந்து இங்க யாரும் அதைச் செய்ய வேண்டாம். கழுத்து வலி, கை மரமரப்பு இருக்கிறவங்க இப்பவே கையைத் தூக்குங்க.”

இரண்டு கைகள் தயங்கி உயர்ந்தன. அதில் ஒரு பெண், ஒரு மாதமாகவே விரல் மரத்துப்போகிறது, சொன்னால் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்து சொல்லவில்லை என்றாள்.

“முதல்ல டாக்டரப் பாருங்க. அப்புறம் வாங்க” என்றார் செண்பகவல்லி.

வாசலுக்குத் திரும்பினார். வெயில்முத்துவின் முகம் வெளிறியிருந்தது.

“எதுக்கும்மா எல்லார் முன்னாடியும் சொன்னீங்க? நான் உங்ககிட்ட மட்டும்தானே கேட்டேன்.”

“அங்க முப்பது பேரு கழுத்து இருக்குண்ணே.”

“அப்ப நீங்கதான் காரணம்னு ஒத்துக்கிறீங்க.”

“கேக்காம விட்டது என் தப்பு. அதை ஒத்துக்கிறேன். அதனாலதான் வந்துச்சான்னு எனக்குத் தெரியாது.”

“தெரியாது, தெரியாது. எல்லாரும் இதையே சொல்றீங்க. காரணம் தெரியாம எப்படிம்மா ஒருத்தன் கழுத்தக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்கிறது?”

செண்பகவல்லி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“டாக்டர் ஆபரேஷன் சொன்னது எப்ப?”

“பங்குனியில.”

“அப்ப மாடி ஏறுனீங்களா?”

“ஏறுனேன்.”

“வைகாசியில?”

“கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு.”

“ஆடியில?”

“இவ பின்னால நின்னு தாங்கிக்கிட்டா.”

“இப்ப?”

வெயில்முத்து மனைவியைப் பார்த்தார்.

“கீழதான் படுக்கிறோம்மா” என்றாள் சுப்புத்தாய்.

தெருவில் ஒரு லாரி பின்வாங்கி ஆலைக்குள் நுழைந்தது.

“பயமா இருக்கும்மா” என்றார் வெயில்முத்து. குரல் தாழ்ந்திருந்தது. “கத்தி கொஞ்சம் தவறுனா படுத்த படுக்கைதான்னு சொல்றாங்க. காரணம் இதுதான்னு தெரிஞ்சா, அதை விட்டுட்டு, ஆபரேஷன் இல்லாமலே தப்பிச்சுக்கலாமேன்னு…”

“சிரசாசனத்த எப்ப விட்டீங்க?”

“பங்குனியிலேயே. நிக்க முடியலை.”

“கம்பம் ஏறுறத?”

“அதுவும் பங்குனியிலதான். ஆபீஸ்ல உக்கார வச்சுட்டாங்க.”

வெயில்முத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இடது கால், அவர் சொல்லாமலே, தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் மறுபடி நடுங்கியது.

செண்பகவல்லி வகுப்பை முடித்து அனுப்பிவிட்டு, ஃபோனை எடுத்து வாடகைக் கார் ஒன்றுக்குச் சொன்னார்.

“எங்கம்மா?”

“மதுரைக்கு. அந்த டாக்டரைப் பார்த்துத் தேதி வாங்கிருவோம். பயத்தையும் அவருகிட்டயே கேளுங்க. அதுக்கு அவருகிட்டப் பதில் இருக்கும்.”

“உங்ககூட வர எனக்கு மனசு இல்லம்மா.”

“மனசு வர வேண்டாம். நீங்க வந்தாப் போதும்.”

காரில் செண்பகவல்லி முன்னால் உட்கார்ந்தார். திருமங்கலம் தாண்டும்வரை வெயில்முத்து ஜன்னலை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். சுப்புத்தாய் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். நடக்கச் சொன்னார். ஆபத்து எவ்வளவு, எதில், அதற்கு என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெயில்முத்து பதினோரு கேள்வி கேட்டார். காரணத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வெளியே வந்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மணி நேரம் ஆனது.

வலது கை விரல்கள் சொன்னபடி கேட்கத் தொடங்கின. டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடிந்தது. இடது கால் மட்டும் கனமாகவே இருந்தது. ஒரு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டு அன்று முழுவதும் வெயில்முத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

செண்பகவல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் காலை வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தால் சுப்புத்தாயைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். வெயில்முத்து அவரிடம் அதிகம் பேசுவதில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் பிசியோதெரபி செய்பவர் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். கழுத்தில் பட்டையோடு வெயில்முத்து எழுந்து நின்றார். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. ஒரு பக்கம் சுப்புத்தாய் நின்றாள். மறுபக்கம் செண்பகவல்லி அவர் முழங்கையைப் பிடித்திருந்தார்.

“அம்மா.”

“சொல்லுங்கண்ணே.”

“உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலை.”

“எனக்கும் என் மேல போகலை” என்றார் செண்பகவல்லி. “இடது காலை முன்னால வைங்க.”