நாற்பத்தொரு ஜோடிச் செருப்பு

கருங்கல்மேட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் விடவேண்டும் என்று போக்குவரத்து அதிகாரி உத்தரவு போட்டார். பஸ் முதலாளி தாமோதரன் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்.

"ஏழு நாள், ஆறு மணிக்கு ஆள் நிறுத்தி எண்ணினோம். அந்த ஊரில் பஸ்ஸுக்கு ஒருவர்கூட இல்லை," என்றார் அவருடைய வக்கீல்.

ஊரார் சார்பில் வந்திருந்தவள், ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி மெயின்ரோட்டு பஸ் நிழற்குடையைக் கூட்டுகிற பவுனுத்தாய் ஒருத்திதான்.

"அஞ்சு மணிக்கே நடக்க ஆரம்பிச்சிடுவாங்க ஐயா. ஆறு மணிக்கு ஊர்ல யாரு இருப்பா?"

வக்கீல் சிரித்தார். "அப்படியா? எங்கேம்மா, இப்பவே கூட்டிவா பார்ப்போம்!"

"அவங்க வந்தா மில்லுல வேலை போயிடும். அதான் செருப்பு வந்திருக்கு," என்று பவுனுத்தாய் தான் தூக்கி வந்திருந்த சாக்கைக் கவிழ்த்தாள். அத்தனையும் சேறு அப்பிய செருப்பு. வரப்பில் நடந்து வருகிறவர்கள் அதை நிழற்குடையில் கழற்றிவிட்டு, பையிலிருக்கும் நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் பஸ் ஏறுவது வழக்கம்.

"குப்பையில் பொறுக்கியது!" என்று வக்கீல் குதித்தார்.

"இன்னிக்குக் காலைச் சேறு ஐயா, இன்னும் காயல. நாற்பத்தொரு ஜோடி, எண்ணிக்கோங்க. சாயங்காலத்துக்குள்ள நான் திருப்பி வைக்கணும்."

நீதிபதி இறங்கி வந்து ஒரு செருப்பைத் தொட்டார். விரலில் ஈரச் சேறு ஒட்டியது. உத்தரவு செல்லும் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை புது பஸ் நிழற்குடையைத் தாண்டிப் போனது. பவுனுத்தாய் நிமிர்ந்து நின்று ஜன்னல் ஜன்னலாக எண்ணினாள். நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள். நிழற்குடையில்தான் ஒரு செருப்புகூட இல்லை.