விளக்கில்லாத புழுக்கள்

மழை தவறாமல் பெய்து, ராஜாக்களுக்குப் புத்தி மட்டும் தவறிப்போயிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய மாந்தோப்பில் அந்த வருஷம் மின்மினிகள் குறைந்துபோயின. மின்மினியாக வளரும் புழுக்களை யாரோ மிதித்துக் கொல்கிறார்கள் என்று வந்ததே கோபம்! "மின்மினிப் புழுவை மிதித்தவர் கையை வெட்டு" என்று ஆணை போட்டுவிட்டார். மிதித்தது கால், வெட்டுவது கையா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆணை வந்த கையோடு தோட்டக்காரன் சுடலையின் வலது கை போயிற்று. விசாரணைகூட இல்லை, தோட்டத்திலேயே வெட்டிவிட்டார்கள். அடுத்து அவன் மனைவி பேச்சாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். இரண்டு பேரையும் பிடித்துக் கொடுத்தவர் அமைச்சர் வீரபாகு. தன் ஊரைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தை அரண்மனை வேலையில் சேர்த்துவிட்டவன் விகடன் மருதப்பன். ராஜா அவனோடு சிரித்துப் பேசுவது அமைச்சருக்கு வயிற்றெரிச்சல். அவனைத் தொட முடியவில்லை, அவன் ஊர்க்காரர்களைத் தொட்டார்.

அமைச்சர் ஒரு சட்டியை நீட்டினார். "பிரபு, இவள் மிதித்த இடத்தில் உயிரோடு அள்ளிய புழுக்கள். கறுப்பு நிறம், கணுக் கணுவான உடல். ஐயமே இல்லை, மின்மினிப் புழுக்கள்தாம்."

மருதப்பன் எட்டிப் பார்த்தான். புழுக்கள் தலையை வெளியே நீட்டி, பெரிய தாடையை ஆட்டிக்கொண்டு நெளிந்தன. மின்மினிப் புழு ஆமை மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்முனையில் வெளிச்சம் வைத்திருக்கும். இவை ஏதோ தரைவண்டின் புழுக்கள். ஆனால் விகடன் சொன்னால் எடுபடுமா? சபை சிரிக்கும், பேச்சாயி கை போய்விடும்.

"பிரபு, அமைச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மின்மினியின் பிள்ளைகள் விளக்கோடு பிறப்பவை. தண்டனை ஓலையை அந்த வெளிச்சத்திலேயே அமைச்சர் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் வெட்டலாம்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. கதவு, சாளரமெல்லாம் அடைத்தார்கள். பட்டப்பகலில் சபை கும்மிருட்டானது. அமைச்சர் ஓலையும் சட்டியுமாக நின்றார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. சட்டியைக் குலுக்கினார், உள்ளே விரலை விட்டுக் கிளறினார். "ஐயோ!" என்று அலறினார்.

"என்ன அமைச்சரே, எழுத்து கடிக்கிறதா?" என்றான் மருதப்பன்.

ராஜா இருட்டிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். கதவு திறந்ததும் தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். "பெண்ணே, நீ போகலாம்."

பேச்சாயி போகவில்லை. "மகாராசா, எம் புருசன் மிதிச்சதும் இதே புழுதானுங்களே. அவரு கை?"

அவள் கேட்டதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்ல கேள்வி! இனிமேல் இருட்டாக்கிப் பார்த்துவிட்டே வெட்டுவோம். என்ன மருதப்பா?"

சபை மொத்தமும் சிரித்தது. விரலைச் சப்பிக்கொண்டே அமைச்சரும் சிரித்தார். பேச்சாயி மருதப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராஜா சிரிக்கும்போது சிரிக்காத விகடனுக்கு அந்த அரண்மனையில் தலை தங்காது. மருதப்பனும் சிரித்தான்.